ஒரே நாற்றில் ஓராயிரம் மிதவை



பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். போன வாரம் வந்த ஒரு போன்தான் இதை எழுத வைத்தது.

பேசியது என்னிடம் பத்தாவது படித்த பெண். நம்ம மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து தொண்டிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். அங்கே மகளிர் குழுவில் சேர்ந்து கடலில் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறாள். "சார், பாசி நுனியெல்லாம் வெள்ளவெளேர்னு ஆகி ஒடிஞ்சு விழுது. பக்கத்துக் குழு மிதவையிலேயும் அப்படித்தான். அவங்ககிட்ட வேற நாத்து வாங்கிக் கட்டலாமான்னு பார்த்தா, அவங்களும் நாங்க வாங்கின எடத்துலதான் வாங்கியிருக்காங்க. இந்தக் கரையில எல்லாருக்கும் ஒரே நாத்துதான் சார். இதுக்கு என்ன பண்றது?" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவன். பாசி நிபுணன் இல்லை. "அதிகாரிங்ககிட்டக் கேளும்மா, நானும் படிச்சுப் பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஆனால் "எல்லாருக்கும் ஒரே நாத்துதான்" என்று அவள் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அவள் கேள்விக்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் பாசியும் அதைத் தாக்கும் வைரசும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தக் கடலில் பாசி பிழைத்திருப்பது பலசாலி என்பதால் அல்ல, பலவிதமாக இருப்பதால். நாமோ அதே கடலில் ஒரே விதப் பாசியைத் துண்டு துண்டாக வெட்டி ஆயிரக்கணக்கான மிதவைகளில் கட்டுகிறோம். அரசுப் பணம் மிதவைக்குப் போகிற அளவுக்கு நாற்றின் பன்மைக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் நட்டப்படப்போவது அந்தப் பெண்கள்தான்.

"பேருலதான் மீன் இருக்கு, சிதம்பரம் தாண்டிப் போனாத்தான் கடல். மீன்சுருட்டி வாத்தியாருக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?" என்று சின்ன மாமா கேட்பார். கேட்கட்டும். நம் மாவட்டமே ஒரு காலத்தில் கடல்தான். அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிற சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் கைப்பிடி அளவுக்குச் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அது ஏழு கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடி. நம் பிள்ளைகளை நான் சாத்தனூர் கல்மரத்துக்குக் கூட்டிப்போனபோது, வழியில் காரை மண்மேடுகளில் இறங்கிச் சிப்பி பொறுக்கியது சிலருக்கு நினைவிருக்கும்.

சிப்பி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லாரும் பார்க்கிறோம். பாசியும் கல்லாகியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. செந்துறைப் பக்கம் நின்னியூர் இருக்கிறதல்லவா, அந்தப் பாறைகளில் கிடைத்த கடற்பாசிப் படிவங்களைப் பற்றி பெங்களூரைச் சேர்ந்த எல். ராமா ராவும் வியன்னாவைச் சேர்ந்த ஜூலியஸ் பியாவும் சேர்ந்து 1936-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதைவிட நுண்ணிய பாசிகளின் சுண்ணாம்புத் தட்டுகள், ஊட்டத்தூர்ப் படிவுகளில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால் தெரிகின்றன. ஆகவே கடல்பாசியைப் பற்றிப் பேச நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

அந்தச் சுண்ணாம்புத் தட்டுப் பாசியிடமிருந்தே தொடங்குகிறேன். அதன் சொந்தக்காரப் பாசி ஒன்று இன்றும் உலகக் கடல்களில் வாழ்கிறது. பெயர் எமிலியானியா ஹக்ஸ்லேயி. வாயில் நுழையாவிட்டால் ஹக்ஸ்லி பாசி என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு. ஒரு மில்லிமீட்டர் கோட்டில் 200 செல்களை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சின்ன உயிர், நீரில் கரைந்திருக்கும் சுண்ணச்சத்தை எடுத்துச் சக்கரம் சக்கரமாகத் தட்டு செய்து மேலே போர்த்திக்கொள்கிறது. இதன் முன்னோர் வகைப் பாசிகள் செத்துக் கடலடியில் படிந்துதான் இங்கிலாந்தில் டோவர் கரையின் வெள்ளை மலைகள் உண்டாயின. 1868-ல் தாமஸ் ஹக்ஸ்லி என்ற அறிஞர் நார்விச் ஊரில் தொழிலாளர்களைக் கூட்டிவைத்து, ஒரு சுண்ணக்கட்டியைக் காட்டியே பூமியின் வரலாற்றைப் பாடமாக நடத்தினார். பாசியின் பெயரில் இருக்கிற ஹக்ஸ்லி அவர்தான். (நான் உங்கள் மேல் எறிந்த சாக்பீஸ் அந்தச் சுண்ணம் இல்லை, ஜிப்சம். அடி வாங்கியவர்கள் தவறான வரலாறு பேசக்கூடாது.)

இந்தப் பாசி வட அட்லாண்டிக்கில் சில மாதங்களில் பெருகும்போது, கடல் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும். விண்ணிலிருந்து செயற்கைக்கோள் படம் எடுக்கும் அளவுக்குப் பரப்பு. பிறகு சில நாட்களில், பல இடங்களில், அந்தப் பெருக்கம் திடீரென்று சரிந்துவிடும். மீன் தின்று தீர்த்ததா, உரம் தீர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், 1990-களில் நார்வே கடற்கழியில் நடத்திய சோதனைகளில் காரணம் இன்னொன்றும் உண்டு என்று உறுதி செய்தார்கள். அது வைரஸ்.

கடலில் வைரசா என்று மலைக்க வேண்டாம். மேற்பரப்புக் கடல்நீர் ஒரு மில்லியில் சாதாரணமாக ஒரு கோடி அளவுக்கு வைரஸ் இருக்கிறது. கடலில் குளித்து ஒரு வாய் உப்புநீர் குடித்தவன் தமிழ்நாட்டு மக்கள்தொகையைவிட அதிக எண்ணிக்கையில் வைரசைக் குடித்திருப்பான். ஒன்றும் ஆகாது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பாக்டீரியாவையும் பாசியையும் தாக்குபவை. நம்மை அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

ஹக்ஸ்லி பாசியின் வைரஸ் ஒன்றை 1999-ல் இங்கிலீஷ் கால்வாயில் எடுத்து, 2005-ல் அதன் மரபுத்தொகுதியை முழுவதும் படித்து வெளியிட்டார்கள். கொரோனா வைரசின் மரபுச்செய்தி சுமார் 30,000 எழுத்து. இதற்கு 4 லட்சத்துக்கு மேல். 472 மரபணுக்கள் இருக்கலாம் என்று கணித்தார்கள். ஒரு வைரசுக்கு இவ்வளவு பெரிய சொத்து எதற்கு?

உள்ளே பார்த்தபோது ஓர் ஆச்சரியம். செல்லின் சவ்வுக்குத் தேவையான ஒருவகைக் கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்கள் அந்த வைரசிடம் இருந்தன. ஸ்பிங்கோலிப்பிட் என்பது அந்தக் கொழுப்பின் பெயர். கொழுப்பு தயாரிப்பது உயிருள்ள செல்லின் வேலை. வைரசுக்கு அடுப்பும் கிடையாது, சட்டியும் கிடையாது. பிறகு 2009-ல் பாசியின் மரபணுவையும் வைரசின் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே தயாரிப்பு வரிசையைச் சேர்ந்த ஏழு மரபணுக்கள் இரண்டுக்கும் நெருங்கிய உறவாக இருந்தன. பாசியிடமிருந்து வைரஸ் எடுத்துக்கொண்டது என்பதுதான் பொருத்தமான விளக்கம். தனித்தனியாகப் பாத்திரம் திருடவில்லை, சமையலறையையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது.

திருடியதை வைத்து என்ன செய்கிறது? செல்லுக்குள் புகுந்த வைரஸ் தன் சொந்த முறையில் அந்தக் கொழுப்பைத் தயாரிக்க வைக்கிறது. நம் உடம்பில் பழுதான செல் தானே தன்னை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பாசிக்கும் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வைரஸ் தயாரித்த கொழுப்பு சேரச் சேர அந்த ஏற்பாடு முடுக்கப்படுகிறது. செல் உடைகிறது, புது வைரஸ்கள் வெளியே வருகின்றன. பாசியிடமிருந்து வாங்கிய ஆயுதத்தாலேயே பாசியைச் சாய்க்கிறது.

அப்படியானால் பாசி இந்நேரம் அழிந்திருக்க வேண்டுமே? அழியவில்லை. இங்கேதான் பாடம் இருக்கிறது.

ஹக்ஸ்லி பாசிக்கு இரண்டு வாழ்க்கை. சுண்ணத் தட்டு போர்த்திய செல்லில் மரபுத்தொகுதி இரண்டு படி இருக்கும். இன்னொரு நிலையில் ஒரே படிதான். தட்டு இல்லை, இழை போன்ற வால்களை ஆட்டி நீந்தும். வைரஸ் தாக்கும் முதல் நிலையிலிருந்து இந்த இரண்டாம் நிலைக்கு மாறிய செல்களை அந்த வைரசால் தொட முடிவதில்லை என்று 2008-ல் கண்டார்கள். போலீஸ் தேடுகிற ஆள் மீசையை எடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, எதிரிலேயே நடந்துபோகிற மாதிரி.

பிரான்சின் தென்கடற்கரைக் காயலில் 1994-ல் கண்டறிந்த இன்னொரு பாசி ஆஸ்ட்ரியோகாக்கஸ். தனித்து வாழும், உட்கரு உள்ள உயிர்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் அதன் மேல் வைரசை விட்டால் பெரும்பாலான செல்கள் செத்துவிடுகின்றன. சில பிழைத்து, திரும்பப் பெருகுகின்றன. பிழைத்தவற்றைப் பார்த்தால், அவற்றின் 19-ஆம் குரோமோசோமின் அளவே மாறியிருக்கிறது. மற்றக் குரோமோசோம்கள் ஒழுங்காக இருக்க, இந்த ஒன்று மட்டும் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி மாறிக்கொண்டிருக்கிறது. வைரசை எதிர்ப்பதற்கென்றே ஒரு குரோமோசோமை ஒதுக்கி வைத்ததுபோல் இருக்கிறது என்று 2016-ல் எழுதினார்கள்.

2013-ல் உலகின் வெவ்வேறு கடல்களிலிருந்து எடுத்த ஹக்ஸ்லி பாசிகளின் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே இனம் என்று பெயர் வைத்ததற்குள்ளேயே பெரிய வேறுபாடு தெரிந்தது. ஒன்றிடம் இருக்கிற மரபணு இன்னொன்றிடம் இல்லை. இந்த வேறுபாட்டுக்கு வைரஸ் மட்டும் காரணம் என்று சொல்லவில்லை. வெப்பம், ஒளி, உணவுச்சத்து எல்லாம் உண்டு. ஆனால் வைரஸ் வரும்போது யார் பிழைப்பது என்பதை இந்த வேறுபாடும் சேர்ந்து முடிவு செய்கிறது.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒருவர் 200 அடியில் போர் போடுகிறார். பக்கத்துக் கொல்லைக்காரர் 300 அடி போடுகிறார். முதலாமவர் கிணறு வற்ற, அவர் 400-க்கு இறங்குகிறார். யாரும் முன்னேறவில்லை, இருக்கிற இடத்தில் இருப்பதற்கே இருவரும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாசி பூட்டை மாற்றுகிறது, வைரஸ் சாவியை மாற்றுகிறது, பாசி மறுபடி பூட்டை மாற்றுகிறது. அறிவியலில் இதற்குக் கூட்டுப் பரிணாமம் என்று பெயர். ஒரு வித்தியாசம்: கொல்லைக்காரர் யோசித்து இறங்குகிறார், பாசி யோசிப்பதில்லை. ஏற்கெனவே பல விதமாகப் பிறந்திருப்பதில் ஏதோ ஒரு விதம் தப்பிக்கிறது, தப்பியது பெருகுகிறது. ஆகவே பல விதமாகப் பிறப்பதுதான் மூலதனம். அது இல்லாவிட்டால் ஆட்டத்தில் உட்காரவே முடியாது.

இந்த நீண்ட வழக்கு கல்லில் பதிவாகவில்லை. சிப்பி கல்லாகும், பாசித் தட்டு கல்லாகும், வைரஸ் கல்லாகாது. அதன் பழைய கணக்கு உயிரோடிருக்கும் பாசிகளின் மரபணுவில்தான் எழுதியிருக்கிறது. எக்டோகார்பஸ் என்ற பழுப்புப் பாசியின் மரபுத்தொகுதியை 2010-ல் படித்தபோது, அதற்குள்ளேயே ஒரு வைரசின் மரபுச்செய்தி தைக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பாசியோடு சேர்ந்தே பிறந்து வந்திருக்கிறது. இந்த வகைப் பாசியை வைரஸ் உடனே கொல்வதில்லை. உள்ளே ஒளிந்திருந்து, பாசி இனப்பெருக்கம் செய்யப்போகும் உறுப்பில் தலைகாட்டி, வித்துக்குப் பதில் வைரசாக நிரப்பிவிடுகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் நான் வைரஸ் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் இடது பக்கம் வைரஸ், வலது பக்கம் அது கொண்டுவரும் நோய், நடுவில் அம்புக்குறி. பாடம் முடிந்தது. அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். கடலில் வாழும் நுண்ணுயிர்களின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கை வைரஸ்கள் ஒரே நாளில் உடைக்கின்றன என்று மதிப்பிடுகிறார்கள். உடைந்த செல்லின் சத்து நீரில் கரைந்து, அடுத்த தலைமுறை நுண்ணுயிருக்கு உணவாகிறது. ஒரே பாசி கடலை முழுதும் பிடித்துக்கொள்ளாமல் மற்றவற்றுக்கு இடம் விடுவதிலும் வைரசுக்குப் பங்கு உண்டு. வைரசே இல்லாத கடலைக் கற்பனை செய்து பார்த்தால், அது நமக்குத் தெரிந்த கடலாக இருக்காது.

இப்போது தொண்டிக்குத் திரும்புவோம்.

அந்தப் பெண் வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி. ஐஸ்கிரீம், பற்பசை, மருந்து எல்லாவற்றிலும் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் கராஜீனன் அதிலிருந்து வருகிறது. நம் கடலின் பாசி இல்லை அது, பிலிப்பைன்ஸ் பக்கத்தது. 1980-களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் குஜராத் கரையில் கொண்டுவந்து பழக்கி, பிறகு 1990-களில் மண்டபம் பகுதிக்குக் கொண்டுவந்தது. ஒரு குளிர்பான நிறுவனம் பெரிய அளவில் இறங்கியதால் கரையில் இதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயர் வந்துவிட்டது. ராமநாதபுரம், தூத்துக்குடி, புதுக்கோட்டைக் கரைகளில் பல குடும்பங்களுக்கு இது சோறு போட்டது, போடுகிறது. குறிப்பாகப் பெண்களுக்கு.

வளர்ப்பது எளிது. மிதவைக் கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டிவிட்டால் 45 நாளில் நாலு மடங்கு ஆகும். அறுத்து, விற்றதுபோக மிச்சத்தை வெட்டி மறுபடி கட்ட வேண்டியது. விதை இல்லை, பூ இல்லை, ஆண் பெண் சேர்க்கை இல்லை. அதாவது, இன்று கட்டுகிற துண்டு அன்று வந்திறங்கிய பாசியின் உடம்பேதான். கொஞ்சம் தாய்ப்பாசியிலிருந்து இத்தனை வருடமாக இத்தனை மிதவை. பூட்டு மாறவே இல்லை.

2012-13-ல் விளைச்சல் உச்சிக்குப் போனது. அடுத்து கடல்நீர் சூடேறிய காலத்தில் பாசி பெருமளவில் வெளுத்து அழிந்தது. விளைச்சல் சரிந்து, தொழிலை விட்டுப் போனவர்கள் பலர். வெளுத்து ஒடியும் அந்த நோய்க்கு உலகெங்கும் 'ஐஸ்-ஐஸ்' என்று பெயர். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ஐஸ்-ஐஸுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது வைரஸ் அல்ல. வெப்பம், உப்பின் அளவு, வெளிச்சம் இவற்றால் பாசி நலிவடைகிறது. நலிந்த பாசியில் பாக்டீரியா புகுகிறது. நாளைக்கு யாராவது "வாத்தியார் தொண்டிப் பாசிக்கு வைரஸ் என்றார்" என்று பரப்ப வேண்டாம்.

ஆனால் எதிரி யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். சூடு தாங்காத பாசி ஒன்று என்றால், அதன் நகலாகிய எல்லா மிதவையும் சூடு தாங்காது. ஒரு பாக்டீரியாவுக்கு இளகுவது ஒன்று என்றால், கரை முழுதும் இளகும். நாளைக்கு ஒரு வைரஸ் சாவி செய்துகொண்டால், ஒரே சாவியில் எல்லா வீடும் திறக்கும். வளர்ப்புப் பாசிக்கு வைரஸ் வராது என்று யாரும் நம்ப வேண்டாம். கொரிய நாடகம் பார்த்துவிட்டு நம் பேத்திகள் கேட்கிறார்களே, சோற்றைச் சுற்றுகிற கறுப்புத் தாள் மாதிரிப் பாசி, அந்தப் பயிருக்குக் கொரியாவில் வருகிற பச்சைப்புள்ளி நோய்க்கு ஒரு வைரஸே காரணம் என்று 2016-ல் கண்டறிந்திருக்கிறார்கள்.

தரையிலும் நாம் பட்டதுதான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி, சிறுமலை வாழைகளை முடிக்கொத்து நோய் என்ன பாடு படுத்தியது! அது வைரஸ், அசுவினிப் பூச்சியாலும் பக்கக்கன்றாலும் பரவியது. வாழை பக்கக்கன்றில்தான் பெருகுகிறது. தாய்க்கு நோய் இருந்தால் கன்றுக்கும் உண்டு. மலை மலையாக வாழை போன பிறகு, திசு வளர்ப்பில் நோயற்ற கன்று எடுத்துக் கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. நம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காரர்களுக்கும் இதைச் சொல்வேன்: ஒட்டுக்கன்று நல்ல காய்ப்புத்தான், ஆனால் கொல்லை முழுக்க ஒரே ரகம் வைக்காதீர்கள்.

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 127 கோடி ரூபாய்க்கு மேல். 2024-ல் மத்திய அரசு, உயிருள்ள கடற்பாசியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தனிமைப்படுத்திச் சோதிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. இரண்டையும் வரவேற்கிறேன். முடிவுகள் எடுக்கப்படுகிற இந்த நேரத்தில் நான் கேட்பது நான்கு.

ஒன்று. புது நாற்று வரும்போது ஒரே தாயிலிருந்து வேண்டாம். பல தாய்களிலிருந்து வரட்டும். எந்தக் குழுவுக்கு எந்தத் தாய் நாற்று போனது என்று பதிவேடு இருக்கட்டும். ஆட்டுக்குக் காதில் எண் அடிக்கிறோம். நாற்றுக்கு ஏன் முடியாது?

இரண்டு. நாற்றைத் துண்டாக்கிப் பெருக்குவதோடு நிற்காமல், வித்துத்தூளிலிருந்து நாற்று எடுக்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அப்படி எடுத்தால்தான் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு வரும். அந்த ஆய்வுகள் இங்கும் பிலிப்பைன்ஸிலும் நடந்துதான் இருக்கின்றன. நோயற்ற நாற்று ஒன்று, பலவித நாற்று ஒன்று. திசு வளர்ப்பு முதலாவதைத் தரும், இரண்டாவதைத் தராது. இரண்டும் வேண்டும்.

மூன்று. தனிமைப்படுத்திச் சோதிக்கும்போது பாக்டீரியா, பூஞ்சையோடு வைரசையும் தேட வேண்டும். எக்டோகார்பஸ் கதையைச் சொன்னது இதற்காகத்தான். ஒளிந்திருக்கிற வைரஸ் பாசியின் நிறத்தைப் பார்த்தால் தெரியாது. மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும்.

நான்கு. நம் கடலின் சொந்தப் பாசிகளைக் கைவிடக்கூடாது. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று மன்னார் வளைகுடாப் பெண்கள் மூச்சடக்கி முங்கி எடுத்த பாசிகள் அவை. நம் கடலின் நோய்களோடு பல தலைமுறை மல்லுக்கட்டிப் பிழைத்தவை. கப்பாபைகஸ் வெறும் நோஞ்சானும் இல்லை. குருசடைத் தீவுப் பக்கம் மிதவையிலிருந்து தப்பிப்போய்ப் பவளப்பாறையின் மேலேயே படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெளியூர்ப் பாசி என்றால் இரண்டு கவலை: ஒன்று செத்துத் தொலைப்பது, இன்னொன்று சாகாமல் பரவுவது.

எதிர்ப்பேச்சும் எனக்குத் தெரியும். என் தம்பி மகன் வங்கியில் இருக்கிறான். "பெரியப்பா, அந்த அம்மாக்களுக்கு இந்த மாசம் தவணை கட்டணும். பத்து வருஷம் கழிச்சு வர்ற வைரசைப் பத்தி அவங்ககிட்டப் பேசி என்ன ஆகப்போகுது? ஒரே நாத்துன்னாத்தான் ஒரே தரம். கம்பெனிக்காரன் அதைத்தான் கேப்பான்" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல விதமாகக் கட்டினால் சில மிதவையில் விளைச்சல் குறையும். தரத்தில் ஏற்ற இறக்கம் வரும். ஆஸ்ட்ரியோகாக்கஸ் மாதிரிப் பாசிக்குக்கூட வைரசை எதிர்ப்பது இலவசமாக வருவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தச் செலவை அந்தப் பெண்களின் தலையில் கட்டாதீர்கள். நாற்றுப் பன்மை என்பது காப்பீடு. பிரீமியத்தை அரசு கட்டட்டும். நெல்லுக்கு விதைப்பண்ணை வைத்து அரசு செலவழிக்கவில்லையா? பயிர் போன பிறகு நிவாரணம் கொடுப்பதைவிட இது சின்னத் தொகைதான். தவணை கட்ட வேண்டியவளுக்குத்தான், மொத்த மிதவையும் ஒரே வாரத்தில் வெளுத்தால் தாங்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. கொரோனா காலத்தில் நம் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே ஒருவர், "வரட்டும் விடுங்க, பலமுள்ளவன் பிழைப்பான், அதுதான் இயற்கை" என்று போட்டார். பாசியின் கதையைப் படித்துவிட்டு யாரும் அந்த முடிவுக்குப் போகக்கூடாது. பாசி கோடி கோடியாகச் செத்து, தப்பிய சிலதிலிருந்து பெருகுகிறது. அதற்கு அப்பா இல்லை, பிள்ளை இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை. நமக்கு உண்டு. சாகாமலேயே உடம்புக்குப் பூட்டை மாற்றக் கற்றுக்கொடுக்கிற வழிக்குப் பேர்தான் தடுப்பூசி. இயற்கையில் நடக்கிறது என்பதாலேயே ஒன்று நமக்கு நீதி ஆகிவிடாது. இயற்கையிடம் புத்தி கேட்கலாம், தீர்ப்புக் கேட்கக்கூடாது.

மறுபடி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "வெளுத்த நுனியை அப்படியே தண்ணியில விடாத. வெட்டிக் கரைக்குக் கொண்டாந்து காயப் போடு. கயித்தைக் கழுவிக் காயவெச்சு அப்புறம் கட்டு. மண்டபத்து மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல போய் மாதிரி காட்டு" என்றேன். பிறகு, "அடுத்த தடவை நாத்துக் கொடுக்க வரும்போது, இது எத்தனை தாய்ப்பாசியிலேர்ந்து வந்ததுன்னு கேளும்மா" என்றேன். சிரித்தாள். "சார், நீங்க வகுப்புலயும் இப்படித்தான், நாங்க ஒண்ணு கேட்டா நீங்க திருப்பி ஒண்ணு கேப்பீங்க" என்றாள். ஆனால் கேட்கிறேன் என்றாள்.

மாணவர்களே, உங்களில் மீன்வளத்துறையில் இருப்பவர்கள் உண்டு, வங்கியில் கடன் கொடுப்பவர்கள் உண்டு, பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் படித்தவர்களும் உண்டு. உங்கள் மேசைக்கு மிதவைக் கோப்பு வரும்போது அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை தாய்? நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். பழைய மாணவன் வாத்தியாரைத் திருத்துவதில் எனக்கு வருத்தமே இல்லை, சந்தோஷம்தான்.

இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். நின்னியூர்ப் பக்கம் பொறுக்கிய கல் ஒன்று அலமாரியில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
மீன்சுருட்டி